முஸ்தபா இறுக்கு

உக்கடத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த முஸ்தபா பாயின் வீட்டில், அவர் மூடிய டப்பாவை வேறு யாரும் லேசில் திறந்துவிட முடியாது. ஊறுகாய் ஜாடி, எண்ணெய் பாட்டில், சாஜிதா பேகம் முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம் என்று எல்லாவற்றுக்கும் அதே கதிதான். அவர் கடையில் இருக்கும் நேரத்தில் குழம்புக்கு மிளகாய்த்தூள் வேண்டுமென்றால் சாஜிதா முந்தானையை மூடியில் சுற்றி மல்லுக்கட்டுவார். அதற்கும் மசியாவிட்டால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கிக்கொள்வார்.

"உங்க கைபட்ட மூடியத் தொறக்க இன்னொரு முஸ்தபாவத்தான் கூட்டிட்டு வரோணும்" என்று கணவரிடம் சடைத்துக்கொள்வார். முஸ்தபா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வார். உள்ளுக்குள் அவருக்கு அது பாராட்டுப் பத்திரம்.

இந்தப் பழக்கம் அவருக்குக் காங்கேயத்தில் ஒட்டிக்கொண்டது. சின்ன வயதில் அங்கே ஒரு தேங்காய் எண்ணெய் ஆலையில் பீப்பாய்களுக்கு மூடி இறுக்கும் வேலை பார்த்தார். லாரியில் ஏறிய பீப்பாய் ஒரு சொட்டு கசிந்தாலும் திட்டு அவருக்குத்தான் வரும். அதனால் மூடி நின்ற பிறகும் மூச்சைப் பிடித்து இன்னொரு இறுக்கு இறுக்கிவிட்டுத்தான் அடுத்த பீப்பாய்க்கு நகர்வார். பிறகு கோயமுத்தூர் வந்து, வாடகை சைக்கிள் விட்டு, பஞ்சர் ஒட்டி, கல்யாணம் முடித்து, சொந்தமாகக் கடை போட்டார். பீப்பாய் போனது, அந்த இன்னொரு இறுக்கு மட்டும் கூடவே வந்துவிட்டது.

கடைக்கு வருகிறவர்களுக்கும் அது பழகிப்போயிற்று. நட்டை முறுக்கி முடித்ததும் முஸ்தபா இடது காலை முன்னால் ஊன்றி, தம் கட்டி, "ஹ்ஹூம்" என்று ஒரு முக்கு முக்கி ஸ்பேனரை இழுப்பார். தெருக்கோடி வரை கேட்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் வாடிக்கையாளர் சைக்கிளைத் தள்ளுவார். கேட்காவிட்டால் நகரமாட்டார். "பாய், உங்க இறுக்கு இன்னும் போடலீங்களே" என்று நின்றுகொண்டிருப்பார். மில்லுக்குப் போகிறவர், பால்காரர், தபால்காரர் எல்லோருக்கும் 'முஸ்தபா இறுக்கு' என்றால் ஆறு மாதத்துக்குக் கவலையில்லை. கனமான இரும்புச் சைக்கிளுக்கு அது சரியாகவும் இருந்தது. இரும்பு எவ்வளவு முக்கினாலும் பொறுத்துக்கொள்ளும்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் அவர் கடை வாசலில் அலுமினியம் வந்து நின்றது.

அதை ஓட்டி வந்தவள் ஹர்ஷிணி. துடியலூரில் பம்புசெட் பவுண்டரி நடத்தும் அரங்கசாமியின் ஒரே மகள், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் தாய்மாமன் சிங்கப்பூரிலிருந்து பிரித்துப்போட்டு அட்டைப்பெட்டியில் கொண்டுவந்த பந்தய சைக்கிள் அது. தூக்கினால் பூனைக்குட்டி எடைதான். சைக்கிள் முழுக்கத் தேடினாலும் ஸ்பேனர் மாட்டுகிற நட்டு ஒன்றிரண்டுதான் தேறும். மற்ற போல்ட்டுக்கெல்லாம் தலையில் அறுகோணக் குழி. அலன் கீ என்கிற வளைந்த கம்பியை அந்தக் குழிக்குள் விட்டுத்தான் திருப்ப வேண்டும்.

மகள் மேட்டுப்பாளையம் ரோட்டில் பந்தய சைக்கிள் ஓட்டுவதை அரங்கசாமி சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ரோட்டில் பஸ்காரர்கள் எப்படிப் பறப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "முஸ்தபா பாய் கையில இறுக்கி வாங்கிக்கிட்டு வா, அம்மணி. அப்பத்தான் ரோட்டுல எறங்கோணும்." இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து அவர் ஓட்டிய சைக்கிளெல்லாம் முஸ்தபா இறுக்கியவைதான். ஊரில் டாக்டரைக்கூட அவர் அந்த அளவுக்கு நம்பினாரா என்பது சந்தேகம்.

ஹர்ஷிணி பேர் கொடுத்திருந்த மாவட்ட சைக்கிள் பந்தயத்துக்கு ரமலான் மாதத்தின் கடைசி ஞாயிறு என்று தேதி வைத்தார்கள். நோன்பு பாதி கடந்திருந்த ஒரு நாள், பிற்பகலில், ஹர்ஷிணி வந்தாள். மேடு ஏறும்போது ஹேண்டில் பார் லேசாகத் திரும்புகிற மாதிரி இருக்கிறது என்றாள்.

"குடு கண்ணு, பாத்துப்போடலாம்" என்று முஸ்தபா சைக்கிளை வாங்கினார்.

ஹேண்டில் பாரைக் கவ்விப் பிடிக்கும் அலுமினியக் கழுத்தில் ஒரு போல்ட்டு. அவரிடம் இருந்தது காந்திபுரத்தில் நடைபாதைக் கடையில் எடுத்த ஒரு கொத்து அலன் கீ. பளபளவென்று முலாம் பூசியது. அதில் எந்தக் கம்பியும் அந்தக் குழிக்குள் சரியாக உட்காராது. ஒன்று ஆடும், அடுத்தது நுழையாது. ஆடுகிற கம்பியின் முனையில் சிகரெட் அட்டையின் ஜிகினாத் தாளைச் சுற்றி இடைவெளியை அடைத்தார். கம்பி குட்டையாக இருந்ததால் பிடிக்கு வாகாக ஒரு குழாய்த் துண்டைச் செருகினார். இதெல்லாம் அவருக்குக் கைவந்த வேலைகள்.

இறுக்கினார். போல்ட்டு நின்றது. அத்தோடு விட்டிருக்கலாம். காற்றடிக்க வந்து நின்ற ஒருவர் சும்மா இருக்காமல், "பாய், நோன்புக் கைங்க. இன்னொண்ணு சேத்துப் போடுங்க" என்றார்.

நோன்பு மாதத்தில் இது வழக்கமாகச் சொல்கிற கேலிதான். விடியலுக்கு முன் சாப்பிட்டது. தண்ணீர்கூடக் குடிக்காத உடம்பு. சாயங்காலம் நெருங்க நெருங்கக் கை ஓய்ந்துபோகும், இறுக்கு நிற்காது என்று ஊர் நினைத்தது. ஊரைவிட முஸ்தபா அதை அதிகமாக நம்பினார். அதனால் அந்த மாதம் பூராவும், கை சோர்ந்திருக்கும் என்ற கணக்கில், ஓர் இறுக்குக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டிருந்தார். அன்றும் இடது காலை ஊன்றினார். தம் கட்டினார். "ஹ்ஹூம்" என்று ஒன்று, அதன் தலையில் இன்னொன்று.

டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. முஸ்தபா குனிந்து பார்த்தார். கழுத்தின் கவ்வுகிற வாயோரத்தில் தலைமயிர் கனத்துக்கு ஒரு கோடு ஓடியிருந்தது. ஹர்ஷிணியும் அதைப் பார்த்துவிட்டாள். "ஐயோ, பாய் மாமா" என்றாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலாம் போலிருந்திருக்கும்.

அன்றைக்கே அவர் கடையைச் சாத்திவிட்டு, விரிசல் விட்ட கழுத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு ஹர்ஷிணியோடு துடியலூருக்குப் போனார். அரங்கசாமி பவுண்டரி வாசலில் நின்றிருந்தார். பொருளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னால ஒடஞ்சதுங்க. ஓவரா இறுக்கிப்போட்டேனுங்க" என்றார் முஸ்தபா.

கோயமுத்தூர்க்காரர் கையில் உடைந்த சாமான் எதைக் கொடுத்தாலும் அவர் முதலில் சொல்வது ஒன்றுதான். அரங்கசாமியும் அதையே சொன்னார்: "இதென்னங்க பெரிய வேலை? நம்ம பவுண்டரியில ஒண்ணு ஊத்திப்போடலாமுங்களே."

"அப்பா, இது பம்பு மூடி இல்லீங்க" என்று ஹர்ஷிணி பதறினாள். "எறக்கத்துல போறப்ப இது ஒடஞ்சா நான் நேரா லாரிக்கு அடியிலதான் போவேன்."

அவள் ஏதோ ஒரு வேகத்தில் சொல்லிவிட்டாள். அப்பாவின் முகம் மாறிப்போயிற்று. பவுண்டரிக்குள் போய் பெங்களூரில் தெரிந்தவருக்குப் போன் போட்டுவிட்டு வந்தார். அங்கே ஒரு கடையில் இதே அளவில் ஒரே ஒரு கழுத்து இருக்கிறதாம். பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லியாயிற்று. பிறகு மகளைப் பார்த்து, "இந்த ஒரு பந்தயம், அம்மணி. பேரு குடுத்துட்டே, ஓட்டிக்கோ. அதோட சைக்கிளுக்கு ஒரு கும்பிடு போட்டுரோணும்" என்றார். முஸ்தபாவிடம் திரும்பி, "நீங்களே பூட்டிக் குடுங்க பாய். உங்களவுட்டா நான் வேற யாரையும் நம்பமாட்டனுங்க" என்றார்.

முஸ்தபாவுக்கு இதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம் என்று தோன்றியது. இதையும் உடைத்தால் வேறு கழுத்து கிடையாது. உடையாமல் பயந்து பயந்து லூசாக விட்டாலோ, போகிறது கழுத்தோடு நிற்காது.

நோன்பு திறந்து, கஞ்சி குடித்துவிட்டு, மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். குற்றத்தை மெல்ல அலுமினியத்தின் மேல் நகர்த்தப் பார்த்தார். "வெளிநாட்டுச் சாமானெல்லாம் பேருக்குத்தான். நோன்புக் கைக்கே தாங்கலைன்னா பாத்துக்க."

சாஜிதா பேகம் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நோன்புக் கையாம்ல, நோன்புக் கை! மத்த மாசம் நீங்க மூடுனத நான் துணியச் சுத்தி எப்படியோ தொறந்துபோடுவேன். நோன்பு மாசத்துல மூடுனத அம்மிக்கல்லுல தட்டுனாலும் அசையறதில்ல. இந்த மாசம் பூரா மல்லித்தூளு கடனா வாங்கித்தான் ஆக்கறேன். கை ஓஞ்சிருக்கும், ஓஞ்சிருக்கும்னு நீங்களா நெனச்சுக்கிட்டு ரெட்டைப் பங்கா இறுக்கறீங்க. ஒரு நாளாவது அது ஓஞ்சு நான் பாத்ததில்ல."

முஸ்தபாவுக்குக் கோபம் வந்தது. எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் சட்டைப்பையில் அந்தச் சைக்கிளின் போல்ட்டுகளைப் போட்டுக்கொண்டு காட்டூருக்குப் போனார். அங்கே சுந்தரராஜுலு என்பவர் மில்லுகளுக்கும் பட்டறைகளுக்கும் கைக்கருவி விற்கிற கடை வைத்திருந்தார். நல்ல சாமான் கிடைக்கும். கடைக்காரர் வாய்தான் கொஞ்சம் புளிக்கும். முஸ்தபா முதலில் தன் பழைய கொத்தை எடுத்து மேசையில் வைத்தார். சுந்தரராஜுலு அளவு பார்க்கும் வெர்னியரை ஒவ்வொரு கம்பியிலும் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது இஞ்சு அளவுக் கம்பிங்க பாய். உங்க போல்ட்டு மில்லிமீட்டரு. எந்தக் காலத்துலயும் சேராதுங்க. எதை வெச்சு ஓட்டுனீங்க?"

"ஜிகினாத் தாளுங்க" என்றார் முஸ்தபா.

சுந்தரராஜுலு தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு முஸ்தபா அலன் கீ வாங்கிய விதத்தைப் பார்க்க வேண்டும். சந்தையில் வெண்டைக்காயை ஒடித்து ஒடித்துப் பொறுக்குகிறவர் தோற்றார். பளபளப்பாக இருந்த கம்பிகளை அவர் தொடக்கூட இல்லை. பட்ட பாடு போதும். கறுப்பாக எண்ணெய் பூசியிருந்த கம்பிக் கட்டுகளை வாங்கி, ஒவ்வொரு கம்பியின் முனையையும் வெளிச்சத்தில் பிடித்து ஆறு மூலையும் கூராக இருக்கிறதா என்று பார்த்தார். மூலை மழுங்கிய கம்பி போல்ட்டின் குழியையும் சேர்த்து மழுக்கிவிடும். பிறகு அந்தப் போல்ட்டைக் கழற்ற ஆண்டவன்தான் வர வேண்டும். பையிலிருந்த போல்ட்டை முனையில் மாட்டித் தலைகீழாகப் பிடித்து ஆட்டினார். சத்தம் வந்த கட்டு அந்தப் பக்கம் போயிற்று. அரத்தை எடுத்து ஓரத்தில் உரசிப் பார்த்தார். அரம் கடித்தால் இரும்பு மெத்து, வழுக்கினால் உரம் ஏறியது. வழுக்கியதை மேசையோரத்து வைஸ் இடுக்கியில் பிடித்து லேசாக வளைத்தும் பார்த்தார். கொஞ்சம் வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்ப நேராக வர வேண்டும். வெறும் முரட்டு உரம் ஏற்றியது என்றால் ஒரு நாள் பட்டென்று முறிந்து கையைக் கிழித்துவிடும். நீளக் கால் உள்ளதாக, குழாய் செருகத் தேவைப்படாததாக, ஒரு கட்டு கடைசியில் தேறியது.

"பொண்ணு பாத்தாக்கூட இவ்வளவு நேரம் பாக்கமாட்டாங்க" என்றார் சுந்தரராஜுலு. கடைப்பையன் கொண்டுவந்த டீயை முஸ்தபாவிடம் நீட்டியவர், நோன்பு ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். தன் டீயையும் உள்ளே அனுப்பிவிட்டார்.

அடுத்தது டார்க் ரெஞ்ச். எவ்வளவு பலத்தில் இறுக்க வேண்டும் என்று அதன் பிடியில் முன்கூட்டியே திருகி வைத்துவிடலாம். அந்தப் பலம் வந்ததும் கிளிக் என்று சொல்லும். கார் பட்டறையில் முஸ்தபா அதைப் பார்த்திருக்கிறார். கையில் வலு இல்லாதவன் வைத்துக்கொள்கிற சாமான் என்று நினைத்திருக்கிறார். இப்போதும் அவர் கண் போனது முழங்கை நீளத்துக்கு இருந்த பெரிய ரெஞ்சின் மேல்தான்.

"அது லாரிச் சக்கரத்துக்குங்க" என்று சுந்தரராஜுலு தடுத்தார். "அரிசி மூட்டை நிறுக்கற தராசுல மூக்குத்தியை வெச்சா முள்ளு அசையுங்களா? உங்களுக்கு வேண்டியது இது." மில் மெஷின்காரர்களுக்காக வரவழைத்த சின்ன ரெஞ்சு ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்தார். விலையைக் கேட்டு முஸ்தபா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு ஹர்ஷிணி சொன்ன லாரி ஞாபகம் வந்தது. "ஓட்டிப் பாக்கலாமுங்களா?" என்றார்.

வைஸில் ஒரு போல்ட்டு பூட்டியிருந்தது. முஸ்தபா ரெஞ்சை மாட்டினார், இடது கால் தானாக முன்னால் போயிற்று, தம் கட்டினார். கிளிக் என்றது. "ஹ்ஹூம்" என்று இன்னொரு முழம் இழுத்துவிட்டார்.

"கிளிக்குன்னு சொன்னா நிறுத்தோணுமுங்க!" என்றார் சுந்தரராஜுலு.

மறுபடியும் இழுத்தார். மறுபடியும் கிளிக்கைத் தாண்டினார். காது கேட்டது, மனதும் கேட்டது, கை கேட்கவில்லை. முப்பது வருஷமாக எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று போட்டுப் பழகிய கை அது. சுந்தரராஜுலுவுக்குக் கோபம் ஏறிவிட்டது. ரெஞ்சைப் பிடுங்கித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். "இது உங்களுக்கு ஆகாதுங்க பாய். வித்துபோட்டு நான் கெட்ட பேரு வாங்கோணுமா? மறுக்கா இழுத்தா இறுகாதுங்க, ஒடையும். இதுக்கு உங்க ஜிகினாத் தாளே தேவலீங்க."

ஐம்பது வயதை நெருங்குகிற மனிதருக்கு ஒரு போல்ட்டை இறுக்கத் தெரியவில்லை என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வேறு நாளாக இருந்தால் முஸ்தபா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போயிருப்பார். அன்று போகவில்லை. "இன்னொரு தடவை பாக்கறேனுங்க" என்று நின்றார்.

இந்தத் தடவை காலை முன்னால் வைக்கவில்லை. இரண்டு காலும் சேர்த்து, பள்ளிவாசலில் நிற்பதுபோல் நின்றார். மூச்சைப் பிடிக்காமல், மெல்ல வாய்க்குள் பிஸ்மி சொல்லிக்கொண்டே இழுத்தார். கிளிக் என்றது. கை நின்றது. அவருக்கே ஆச்சரியம். தம் கட்டினால் அந்தத் தம் கையையும் இழுத்துக்கொண்டு போகிறது. பேச்சோடு பேச்சாக இழுத்தால் கை சொன்ன இடத்தில் நிற்கிறது. மறுபடி இழுத்தார், மறுபடி நின்றது. சுந்தரராஜுலு பெட்டியை மறுபடி திறந்தார். "வேலை முடிஞ்சதும் ஸ்பிரிங்கைத் தளத்தி வைங்க. இதை வெச்சு எதையும் கழட்டாதீங்க. கீழ போட்டீங்கன்னா எங்கட்ட வராதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

கடைக்கு வந்ததும் முஸ்தபா செய்த முதல் காரியம் யாருக்கும் தெரியாமல் செய்தது. பழைய சைக்கிள் சட்டம் ஒன்றில் போல்ட்டைக் கையாலேயே இறுக்கி, அது எந்த அளவு இறுகியிருக்கிறது என்று ரெஞ்சின் அளவைப் படிப்படியாக ஏற்றிப் பார்த்தார். நோன்பு திறந்த பிறகு ஒரு தடவை, மறுநாள் மாலை வயிறு ஒட்டிக் கிடக்கும்போது ஒரு தடவை. வயிறு நிறைந்த கை ஓரளவு அடங்கி நின்றது. நோன்புக் கை கன்னாபின்னாவென்று எகிறியிருந்தது. இன்னும் சில நாள் பார்த்தார், அதே கதைதான். மல்லித்தூள் டப்பாவை வைத்து சாஜிதா சொன்னதை இத்தனை விலை கொடுத்து வாங்கிய கருவியும் சொல்லிவிட்டது. முதலில் வெட்கமாக இருந்தது; பிறகு தனியாக உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். வீட்டுக்குப் போய், "நீ சொன்னது நெசந்தான்" என்றார். "அதுக்கு ஒரு மிசினு கேட்டுச்சாக்கும்" என்று சாஜிதா வாயைச் சுழித்தார். ஆனால் அன்று முழுக்க அவர் முகம் மலர்ந்தே இருந்தது.

பெங்களூர்க் கழுத்து வந்து சேர்ந்தது. அதோடு வந்த துண்டுச் சீட்டில் எவ்வளவு இறுக்கலாம் என்று வேறு கணக்கில் போட்டிருந்ததை ஹர்ஷிணி ரெஞ்சின் கணக்குக்கு மாற்றிச் சொன்னாள். பந்தயத்துக்கு முந்திய நாள் பிற்பகல், அரங்கசாமியே மகளோடு கடைக்கு வந்துவிட்டார். செய்தி எப்படியோ பரவி, வாசலில் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

முஸ்தபா கவ்வுகிற இடத்தைத் துணியால் துடைத்தார். போல்ட்டின் மரையில் துளி கிரீஸ் வைத்தார். புதுக் கம்பியை விட்டார். ஆடாமல் கப்பென்று உட்கார்ந்தது. கையளவுக்கு முறுக்கிவிட்டு ரெஞ்சை மாட்டி, மெல்ல இழுத்தார். கிளிக்.

"முடிஞ்சுதுங்க" என்றார்.

"முடிஞ்சுதுங்களா?" அரங்கசாமிக்கு நம்பிக்கை வரவில்லை. "சத்தமே காணோமுங்களே பாய். உங்க இறுக்கு ஒண்ணு போட்டுருங்க. நோன்புக் கை வேற."

"வேண்டாமுங்க."

"எம் மனசுக்காகப் போடுங்க. ஹேண்டில் திரும்பிக்கிச்சுன்னா எம்பட புள்ளை…" என்று அவர் முடிக்காமல் நிறுத்தினார்.

முஸ்தபாவின் உள்ளங்கை அரித்தது. ஒரே ஒரு 'ஹ்ஹூம்' போட்டால் இந்த மனிதர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். வாசலில் நிற்பவர்களும் தலையாட்டுவார்கள். "அன்னிக்கு அதைத்தானுங்க போட்டேன். அதான் ஒடஞ்சுது" என்றார். "நீங்களே பாருங்க. ரெண்டு கையும் ஊணி உங்க பாரமெல்லாம் போட்டு அமுத்திப் பாருங்க."

அரங்கசாமி ஊன்றினார். பவுண்டரியில் இரும்பு தூக்கிய உடம்பு. கழுத்து நரம்பு புடைக்க அமுக்கியும் ஹேண்டில் பார் இம்மி அசையவில்லை. அதற்குப் பிறகும் அவருக்கு மனம் ஆறவில்லை. பலகையில் கிடந்த அலன் கீயைச் சட்டென்று எடுத்து, தானே போல்ட்டில் விட்டு ஒரு இழுப்பு இழுக்கக் குனிந்தார்.

முஸ்தபா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் அரங்கசாமியைத் தொட்டுப் பேசியது கிடையாது.

"நான் பொறுப்புங்க" என்றார் முஸ்தபா. பிடியைத் தளர்த்தவில்லை.

அரங்கசாமி கம்பியைப் பலகையில் வைத்தார். காரில் ஏறினார். ஹர்ஷிணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் டவுன் பஸ் பிடித்துத் துடியலூரில் போய் இறங்கினார். பந்தயம் அங்கே தொடங்கி, மேட்டுப்பாளையம் ரோட்டில் வெகுதூரம் போய்த் திரும்பி அங்கேயே முடிகிறது. முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. அவர் அங்கேதான் போய் நின்றார். எதிர்ப்பக்கத்தில் அரங்கசாமி நிற்பது தெரிந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள்.

ஆண்கள் போய் முடிந்து, பெண்கள் வந்தார்கள். கூட்டம் கத்தியது. முதல் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் போனார்கள். அடுத்து ஒருத்தி, அவளை ஒட்டி ஹர்ஷிணி. அவள் சீட்டைவிட்டு எழுந்து, ஹேண்டில் பாரை இரண்டு கையாலும் பிடுங்கிவிடுவதுபோல் இழுத்து மிதித்தாள். அப்படியே ஒரு குழியில் இறங்கி ஏறினாள். முஸ்தபா கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அவள் தாண்டிப் போயிருந்தாள்.

நாலாவது இடம். மாநிலப் போட்டிக்கு முதல் மூன்று பேரைத்தான் எடுப்பார்களாம். முஸ்தபா போய்ச் சேர்ந்தபோது ஹர்ஷிணி மூச்சிரைக்கத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அரங்கசாமி சைக்கிளுக்குப் பக்கத்தில் குனிந்து அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் தடவிப் பார்த்தார். கோடு எதுவும் இல்லை. நிமிர்ந்து முஸ்தபாவைப் பார்த்தார்.

"நாலாவதுங்க பாய்" என்றார். சக்கரத்தை விரலால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, "சக்கரத்தையும் இதே மாதிரி அளவா இறுக்கியிருந்தா மூணாவது வந்திருப்பா. அடுத்த வருசத்துக்கு இப்பவே பாத்து வைங்க" என்றார்.

ஹர்ஷிணி தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். தோற்ற வருத்தம் முகத்திலிருந்து பாதி போய்விட்டது. இந்த ஒரு பந்தயம் என்று சொன்னவர் வாயிலிருந்து அடுத்த வருஷம் என்ற சொல் வந்துவிட்டது. அதை அவர் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

முஸ்தபா அவள் பக்கத்தில் குந்தினார். ராத்திரி பூராவும் நெஞ்சில் கிடந்ததைக் கேட்டார். "ஏங் கண்ணு, ஹேண்டில் பார் எப்படி இருந்துச்சு?"

"ஹேண்டில் பாருங்களா?" அவள் கொஞ்சம் யோசித்தாள். "அட, அது நெனப்பே வரலீங்க பாய் மாமா."

எத்தனையோ பேர் முஸ்தபா இறுக்கைப் பற்றி எத்தனையோ விதமாகப் பேசியிருக்கிறார்கள். இப்படி ஒருவரும் சொன்னதில்லை. "அதுதாங் கண்ணு வேணும்" என்று எழுந்தார். உக்கடம் போய் இறங்குகிற வரைக்கும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.